ரன்னிங் ஷூ வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் காலைப் பாருங்க: கடையில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

"சார், உங்களுக்கு ஃபிளாட் ஃபுட். சாதா ஷூ போட்டு ஓடினா முட்டி போயிடும். ஸ்டெபிலிட்டி ஷூதான் போடணும்."

முதல் முறையாக ரன்னிங் ஷூ வாங்கப் போகிறவர்கள் பலர் கடையில் கேட்கும் வசனம் இது. மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் பட்ஜெட்டில் போனவர், முட்டி மேல் உள்ள பயத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு ஜோடியை வாங்கி வருவார். மூன்று வாரம் ஓடியதும் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். குதிகாலில் கொப்புளம் வரும். எந்த முட்டிக்குப் பயந்தாரோ, அதே முட்டியும் வலிக்க ஆரம்பிக்கும். கடைசியில், 'நமக்கு ஓட்டம் செட் ஆகாது' என்று ஷூ பரண் மேல் போய்விடும்.

பல நேரங்களில் பிரச்னை ஓட்டத்தில் இல்லை. காலுக்குப் பொருந்தாத ஷூவில்தான் இருக்கிறது. கால் உள்ளேயே நழுவிக்கொண்டிருந்தால், வெளியே 'ஸ்டெபிலிட்டி' என்று எழுதியிருந்தும் பெரிய பலன் இல்லை. சரியான ஷூவைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டெபிலிட்டி ஷூ என்றால் என்ன?

ஓடும்போது பாதம் தரையில் பட்டதும் லேசாக உள்பக்கம் சாயும். இதற்குப் பெயர் 'ப்ரொனேஷன்'. இது நோய் அல்ல, குறையும் அல்ல. தரையில் மோதும் அதிர்வைத் தாங்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு. எல்லோருக்கும் இது நடக்கும். சிலருக்கு இந்தச் சாய்வு அதிகம், சிலருக்குக் குறைவு.

சாய்வு அதிகமாக இருப்பதை 'ஓவர்ப்ரொனேஷன்' என்கிறார்கள். இதைக் கட்டுப்படுத்துவதற்காக வந்தவைதான் ஸ்டெபிலிட்டி ஷூக்கள். ஏசிக்ஸ் ஜெல்-கயானோ, ப்ரூக்ஸ் அட்ரினலின் ஜிடிஎஸ் போன்றவை இந்த வகையில் பிரபலமானவை. முன்பெல்லாம் இவற்றின் உள்பக்க அடிப்பாகத்தில் கடினமான ஃபோம் துண்டு ஒன்றை வைப்பார்கள். இப்போது பல நிறுவனங்கள் அதைக் குறைத்துவிட்டு, அடிப்பாகத்தை அகலமாக்குவது, பாதத்தின் இரு பக்கமும் ஃபோமை சுவர் போல உயர்த்துவது என்று மாறியுள்ளன.

அப்படி எதுவும் இல்லாத சாதாரண ரன்னிங் ஷூக்களுக்கு 'நியூட்ரல்' என்று பெயர். சாய்வை மிகக் கடுமையாகத் தடுப்பவை 'மோஷன் கன்ட்ரோல்' வகை.

தட்டைப் பாதம்னா ஸ்டெபிலிட்டி ஷூ கட்டாயமா?

ஈரக் காலைத் தரையில் வைத்து, பதிந்த தடத்தைப் பார்த்து ஷூ வகையைச் சொல்வது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம், அதற்கு ஒரு வகை. நடுவில் வளைவு நன்றாகத் தெரிந்தால் இன்னொரு வகை. கேட்க லாஜிக்காகத்தான் இருக்கிறது. ஆனால், சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை வேறு.

அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை என மூன்றிலும் பயிற்சிக்கு வந்த புதியவர்களிடம் தனித்தனியாக ஆய்வுகள் நடந்தன. ஒரு குழுவினருக்குப் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுக்கப்பட்டது. இன்னொரு குழுவினருக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே ஸ்டெபிலிட்டி வகை ஷூதான். மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். காயம் ஏற்படுவதில் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2013-ல் வெளியான டென்மார்க் ஆய்வு இன்னும் நேரடியானது. புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, பாதம் எப்படி இருந்தாலும் ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கண்காணித்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்பவர்களுக்குக் காயம் அதிகமாகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

அப்போ ஸ்டெபிலிட்டி ஷூ வெறும் வியாபாரமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. லக்ஸம்பர்க்கில் 372 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அதில் மோஷன் கன்ட்ரோல் ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது. குறிப்பாக, பாதம் உள்பக்கம் சாய்பவர்களுக்கே அந்தப் பலன் தெரிந்தது.

2022-ல் காக்ரேன் அமைப்பு 12 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசியது. பாதத்தின் வகையைப் பார்த்து ஷூ பரிந்துரைப்பதால் காயங்கள் குறைவதில் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது என்பதே அதன் முடிவு.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்டெபிலிட்டி ஷூ சிலருக்கு உதவலாம். ஆனால், 'தட்டைப் பாதம், அதனால் இதுதான்' என்று கடையில் இரண்டு நிமிடத்தில் எழுதித் தரும் மருந்துச்சீட்டு அல்ல அது. இதுவரை நியூட்ரல் ஷூவில் வலி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் தட்டைப் பாதக்காரர், பயந்துபோய் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

அப்போ எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் குழுவினர் 2015-ல் ஒரு கருத்தை முன்வைத்தனர். ஒவ்வொருவரின் உடலுக்கும் தனக்கென ஓர் அசைவு வழி இருக்கிறது. அதற்குக் குறுக்கே நிற்காத ஷூதான் காலுக்குச் சுகமாகத் தெரியும். எனவே, ஓடிப் பார்த்து எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்பது அந்தக் கருத்து. இது இன்னும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும், பாதத் தடத்தைப் பார்த்துச் சொல்வதைவிட நடைமுறைக்கு ஒத்துவருவதால் பலரும் இதை ஏற்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. சுகம் என்பது கடை சோஃபாவில் உட்கார்ந்தபடி 'மெத்துன்னு இருக்கே' என்று சொல்வது அல்ல. அளவு சரியாக இருந்து, எழுந்து ஓடும்போதும் கால் அசையாமல் இருப்பதுதான் சுகம்.

நம்ம ஊர் கால் ஏன் ஷூவில் சிக்குது?

இந்தியாவில் விற்கும் ஷூக்களில் யூகே, யூஎஸ், ஐரோப்பிய அளவுகளே அச்சாகி வருகின்றன. நம் கால்களுக்கென்று தனி அளவு முறை புழக்கத்தில் இல்லை. இதற்காக சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ) நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரிந்தது. இதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் புதிய இந்திய அளவு முறை பரிந்துரைக்கப்பட்ட செய்தி 2024-ல் வெளியானது.

அகலமான பாதத்துக்கு ஒல்லியான ஷூ கிடைத்தால் என்ன செய்வோம்? "ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்போம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

யூகே அளவில் ஒரு சைஸ் கூடினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. விளைவு, முன்னால் விரல்களுக்கு ஓரளவு இடம் கிடைக்கும்; பின்னால் குதிகால் ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னும் பின்னும் வழுக்கும். நகம் ஷூவின் முன்பகுதியில் மோதும். விரல்கள் ஷூவை இறுக்கிப் பிடிக்கப் பார்க்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டெபிலிட்டி ஷூவாக இருந்தாலும், இந்த ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது.

சரியான வழி, நீளத்தை விட்டுவிட்டு அகலத்தைக் கூட்டிக் கேட்பது. ஆண்கள் ஷூவில் வழக்கமான அகலம் 'டி'. அதைவிட அகலம் '2இ', இன்னும் அகலம் '4இ'. பெண்கள் ஷூவில் வழக்கமான அகலம் 'பி', அகலமானது 'டி'. எல்லாக் கடைகளிலும் இவை அடுக்கி வைக்கப்பட்டிருக்காது. ஆனால், கேட்டால் பல பிராண்டுகளில் கிடைக்கும். பெண்களில் பாதம் அகலமாக உள்ளவர்கள் ஆண்கள் ஷூவையும் போட்டுப் பார்க்கலாம். குதிகால் தளராமல் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே அளவெடுப்பது எப்படி?

ஒரு ஏ4 தாள், பென்சில், ஸ்கேல் போதும். மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்ததில் கால் சற்று உப்பியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் உப்பும்.

- தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி, முழு எடையும் காலில் இறங்கும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் அளவு குறைவாகக் காட்டும்.
- மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள. சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும்.
- பாதத்தின் மிக அகலமான இடத்தில் இரு பக்கமும் குறியுங்கள்.
- இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலுக்கு ஷூ எடுங்கள். இரு கால்களுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சகஜம்.

கடையில் வெறும் '8' என்று கேட்காதீர்கள். யூகே 8-ம் யூஎஸ் 8-ம் ஒன்றல்ல. ஆண்கள் ஷூவில் யூஎஸ் எண் பொதுவாக யூகே எண்ணைவிட ஒன்று கூடுதல். பிராண்டுக்குப் பிராண்டும் அளவு மாறும். ஷூவின் லேபிளில் சென்டிமீட்டர் அளவும் பல பிராண்டுகளில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் எளிது.

கடையில் செய்ய வேண்டிய 7 சோதனைகள்

1. சாக்ஸோடு போகவும்: ஓடும்போது போடும் அதே சாக்ஸ். கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் அளவு சரியாகத் தெரியாது.

2. இன்சோலை வெளியே எடுங்கள்: உள்ளே இருக்கும் மெத்தையை உருவி, தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஒல்லி. 'போடப் போடச் சரியாயிடும்' என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். மேல்துணி கொஞ்சம் தளரலாம், அடிப்பாகம் அகலமாகாது.

3. கட்டைவிரல் அளவு இடம்: நின்ற நிலையில், நீளமான கால்விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கை கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி வேண்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும்.

4. குதிகால் பிடிப்பு: லேஸைக் கட்டிவிட்டு, வேகமாக நடந்து, படி ஏறிப் பாருங்கள். குதிகால் மேலே கழன்று வந்தால் வேறு சைஸ் அல்லது வேறு மாடல்.

5. முறுக்கியும் மடக்கியும் பாருங்கள்: ஷூவின் இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள். நடுப்பகுதி கந்தல் போல முறுகினால் பிடிமானம் குறைவு. மடக்கும்போது விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் அல்ல. பின்பகுதியில் குதிகாலைச் சுற்றியிருக்கும் கப் பகுதியை அழுத்திப் பாருங்கள். சட்டென்று அமுங்கிவிடக் கூடாது.

6. ஒற்றைக் காலில் நில்லுங்கள்: ஷூவோடு பத்து விநாடி ஒரே காலில் நின்று முட்டியை லேசாக மடக்குங்கள். இரண்டு, மூன்று மாடல்களில் இதைச் செய்தால் எதில் கால் தள்ளாடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

7. ஓடிப் பாருங்கள்: கடை வாசலிலோ டிரெட்மில்லிலோ ஒரு நிமிடமாவது ஓடுங்கள். பாத வளைவில் எதுவும் குத்தக் கூடாது, சுண்டுவிரல் நசுங்கக் கூடாது.

வாங்கும் முன் இரண்டு ஷூக்களையும் மேஜை மீது வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பதும் நல்லது. புது ஷூ ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது தயாரிப்புக் கோளாறு.

ஆன்லைனில் வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் விதிகளைப் பார்த்து ஆர்டர் செய்ய வேண்டும். வந்ததும் நேராக ரோட்டுக்கு ஓடிவிடாமல், வீட்டுக்குள் சுத்தமான தரையில் இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

மெத்து மெத்துன்னு இருந்தா நல்ல ஷூவா?

இப்போது அடிப்பாகம் தடிமனான, மிக மிருதுவான ஷூக்களுக்குத்தான் மவுசு. சாலைப் பந்தயங்களில் வீரர்கள் அணியும் ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று உலக தடகள அமைப்பே வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நெருங்கும் ஷூக்கள் கடைகளிலும் கிடைக்கின்றன.

மெத்தை உயர உயர, கால் தரையிலிருந்து மேலே போகிறது. அடிப்பாகம் குறுகலாகவும் ஃபோம் மிருதுவாகவும் இருந்தால், திரும்பும்போது கணுக்கால் ஆட்டம் காணும். நேர்ச் சாலையில் ஓடுபவருக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால், பூங்காவில் 8 வடிவப் பாதையில் நடப்பவர்களை யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்குப் பல முறை திரும்ப வேண்டும். மேடு பள்ளமான தெரு, பெயர்ந்த பிளாட்பாரம், ஓரம் சரிந்த ரோடு என்று ஓடுபவர்களுக்கும் இதே கதைதான். இவர்களுக்கு அதிக உயரம் இல்லாத, அடிப்பாகம் அகலமான ஷூ பொருத்தமாக இருக்கும். அது நியூட்ரல் வகையாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு அளவு 'ட்ராப்'. குதிகால் பகுதிக்கும் முன்பகுதிக்கும் உள்ள உயர வித்தியாசம் அது. பெரும்பாலான ஷூக்களில் 0 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 10-ல் ஓடிப் பழகியவர் திடீரென்று 0-வுக்கு மாறினால் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் வேலை கூடும். மாறுவதாக இருந்தால் சில வாரங்கள் எடுத்து மெதுவாக மாற வேண்டும்.

லேஸ் கட்டுறதுலயும் விஷயம் இருக்கு

ஷூவின் கணுக்கால் பக்கம் கடைசியாக ஓர் ஓட்டை சும்மாவே இருக்கும். பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அது குதிகாலைப் பிடித்து நிறுத்துவதற்கானது. லேஸை அதே பக்கத்தில் உள்ள அந்தக் கடைசி ஓட்டையில் நுழைத்து, சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒரு பக்க லேஸ் நுனியை எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். லேசாக ஆடும் குதிகால் இதிலேயே அடங்கிவிடும். பாதத்தின் மேல்பகுதி அழுத்தி வலித்தால், வலிக்கும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் நேராக மேலே கொண்டுபோகலாம்.

சுகர் இருக்கிறவங்க கவனத்துக்கு

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. டாக்டர் சொல்லி, காலையில் நடையும் மெல்லோட்டமும் தொடங்குபவர்களில் இவர்கள் பலர். 'போட்டுப் பார்த்துச் சுகமாக இருப்பதை எடுங்கள்' என்ற அறிவுரை, பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்களுக்குப் பொருந்தாது.

காரணம் எளிது. ஷூ கடிப்பதை அவர்களின் கால் சொல்லாது. தளர்வாக இருப்பதாக நினைத்து, இறுக்கமான ஷூவை எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு சிறு கொப்புளம் கவனிக்காமல் விடப்பட்டால் ஆறாத புண்ணாக மாறலாம். எனவே இவர்கள் உணர்வை நம்பாமல், காகிதத்தில் எடுத்த அளவையும் இன்சோல் சோதனையையும் நம்ப வேண்டும். மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் அணியும் முன் ஷூவுக்குள் கையை விட்டுக் கல், மடிந்த துணி எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும். கழற்றிய பிறகு பாதத்தின் அடிப்பகுதி, விரல் இடுக்குகளைப் பார்ப்பதும் அவசியம்.

எப்போது மாற்ற வேண்டும்?

ரன்னிங் ஷூவுக்குப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் ஆயுள் என்பார்கள். உடல் எடை, ஓடும் தரை, ஃபோமின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். மேலே புதிது போல இருந்தாலும் உள்ளே ஃபோம் செத்துப்போயிருக்கலாம். பழைய ஷூவை மேஜையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், பக்கவாட்டில் ஃபோம் நிரந்தரமாகச் சுருங்கியிருந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அடிப்பாகத்தில் குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து, 'நடை கோணலா இருக்கு' என்று பயப்பட வேண்டாம். குதிகால் முதலில் தரையில் படும்படி ஓடுபவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கேதான் தேயும்.

ஷூ மாற்றியும் வலி போகலையா?

எல்லா வலிக்கும் ஷூவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே வாரத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் எந்த ஷூவும் காப்பாற்றாது. எலும்பின் மேல் ஒரே இடத்தில் தொட்டால் வலிப்பது, ஓட ஓட வலி கூடுவது, வீக்கம், ஓய்வில் இருக்கும்போதும் வலி ஆகியவை இருந்தால், இன்னொரு ஷூ வாங்குவதற்கு முன் எலும்பியல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு வழி எளிதுதான். அடுத்த முறை கடையில் "உங்களுக்கு ஃபிளாட் ஃபுட் சார்" என்று யாராவது சொன்னால், பதற வேண்டாம். அவர் காட்டும் ஷூவையும் வாங்கிப் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் பாதி விலை ஷூவையும் போட்டுப் பாருங்கள். இன்சோல் மேல் நின்று, குதிகாலைச் சோதித்து, வாசல் வரை ஓடிவிட்டு வந்து, அதன் பிறகு விலைச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.